சூரியன் தலை குனிந்த ஊர்

ஈச்சங்கோம்பை மலையூரில் ஒரு தை மாதத்துக் காலையில் சூரியன் தலை குனிந்தபடி எழுந்தது. எப்போதும்போல் பூண்டு வயல்களுக்குப் பின்னால், எப்போதும்போல் பனிக்குள் வெளுத்த தாம்பாளமாகத்தான் எழுந்தது. ஆனால் வழக்கமாக ஊரைப் பார்த்து நிமிர்ந்திருக்கும் முகம் கீழே சாய்ந்து, யாரும் என்றைக்கும் பார்த்திராத அதன் உச்சந்தலை ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தது, எண்ணெய் தேய்க்க உட்காரவைத்த பிள்ளையின் தலையைப்போல. பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் பீர்முகமது பாய்தான் முதலில் பார்த்தார். பார்த்துவிட்டு, ஆற்றிக்கொண்டிருந்த டீயை ஆற்றி முடித்து, காத்திருந்த பஸ் டிரைவரிடம் கொடுத்து, "இன்னைக்கு சூரியன் தலையைத் தொங்கப்போட்டிருக்கு" என்றார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். "ஆமா, என்ன கஷ்டமோ" என்றார். டீயைக் குடித்தார்.

வெயில் ஏறி யாரும் நிமிர்ந்து பார்க்க முடியாமல் போகும்வரை, பனி இருக்கிற நேரமெல்லாம் ஊர் அதைப் பார்த்தது. மறுநாளும் அப்படியே எழுந்தது, அதற்கு மறுநாளும். மலையிறங்கிப் போனவர்கள் கீழே சூரியன் எப்போதும்போல் நிமிர்ந்துதான் இருக்கிறது என்று வந்து சொன்னார்கள். குனிந்தது ஈச்சங்கோம்பைக்கு மட்டும்தான். முடிதிருத்தும் சன்னாசி, மேலே ஒரு தலை குனிந்திருக்கையில் கீழே கத்திரியை எடுக்க மனசு வரவில்லை என்று மத்தியானம்வரை கடையைப் பூட்டிவைத்தார். ஏன் குனிந்தது என்று யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. யாருக்காகக் குனிந்தது என்பதுதான் பேச்சாக இருந்தது.

அதைச் சொன்னவள் சீனியம்மாள். பொங்கலுக்கு முன்னால் புருஷனைப் பறிகொடுத்து, அந்த வருஷம் பொங்கல் இல்லாத வீட்டில் தனியாக இருந்தவள், வாசற்படியில் நின்று பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், "துக்கம் கேக்க வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்து, சாவு விழுந்த அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதாள். அதற்குப் பிறகு ஊருக்குப் புரிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்களை யாரும் வாங்க என்று சொல்வதில்லை. அதனால் விடிகாலையில் தண்ணீர் விட்டுச் சூரியனைக் கும்பிடுகிறவர்கள் வாயைத் திறக்காமல் கும்பிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டை மெதுவாகப் பாடவைத்தார்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் மைக்செட்டைப் பத்து மணிக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். எஸ்டேட் லயன் வீடுகளில் இருந்த தோட்டத்துக்காரர்கள், மண்சரிவில் போனவர்களுக்காகத்தான் வந்திருக்கிறது என்றார்கள். மேலத்தெருக்காரர்கள், போன மாசம் செத்த பழைய பஞ்சாயத்துத் தலைவருக்காக என்றார்கள். இதில் கொஞ்சம் சண்டையும் ஆனது. "சாவு விழாத வீடு எங்க இருக்கு? அவங்கவங்க வீட்டுக்குத்தான்னு வச்சுக்கங்களேன்" என்று பாய் சொன்னதும் அடங்கிவிட்டது. புதிதாகக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த ஒரு ஜோடி மட்டும், தங்கள் வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு சாவும் இல்லாத கூச்சத்தில், வெயில் ஏறும்வரை கதவைத் திறக்காமல் இருந்தது.

கோசலை அதை முதல் நாளே பார்த்தாள். ஈரப் போர்வையை உதறிக் கொடியில் போடக் கையைத் தூக்கியபோது பார்த்தாள். குனிந்திருந்த அந்தத் தலையில் இரண்டு சுழிகள் இருந்தன. ஒன்று வலமாகச் சுற்றியது, இன்னொன்று இடமாகச் சுற்றியது, இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் ஒரு கொத்தாக, எத்தனை படிய வாரினாலும் படியாத முடியைப்போல எழும்பி நின்றது. போர்வையைக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டி, ஓரத்தை இழுத்துவிட்டாள். பிறகு கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் மகன் வளவனுக்கு இரட்டைச் சுழி. பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரி ஆயா தலையைத் தடவிப் பார்த்து, "ரெண்டு கல்யாணம் பண்ணுவான் பாருங்க" என்று சிரித்தாள். ஒரு கல்யாணமும் பண்ணாமல், மதுரையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே, பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிற வழியில், மலைப்பாதை வளைவில் மோட்டார் சைக்கிளோடு போய்விட்டான். அது நடந்து நாலு வருஷம் ஆகிறது.

உள்ளே ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் திருமேனியிடம் அவள் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஊரிலேயே இந்தச் செய்திக்காகக் காத்திருந்தவர் யாராவது உண்டென்றால் அது அவர் ஒருவர்தான்.

திருமேனி பக்கத்து மலையிலிருந்த சூரிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரார் நினைத்ததுபோல் அவர் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அல்ல, கேட்டுக்கொண்டிருந்தவர். கல்யாணமான புதிதில் கோசலை கேட்டதற்கு, பலாப்பழத்தைத் தட்டிப்பார்த்து உள்ளே பழுத்திருக்கிறதா என்று சொல்வதில்லையா, அந்த வேலைதான் என்றார். சூரியனுக்குள் ஓயாமல் சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தச் சத்தம் மேலே வந்து முட்டி முட்டி அதன் மேற்பரப்பு ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம், தூங்குகிற ஆளின் வயிறுபோல ஏறி இறங்குகிறது, அந்த நடுக்கத்தை அளந்தால் கண்ணுக்குத் தெரியாத உள்ளே எது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம் என்றார். அப்படி எல்லாவற்றையும் சொல்ல முடிந்தவருக்குத் துருவம் மட்டும் பிடிபடவில்லை. பூமியில் நிற்கிற நமக்குச் சூரியனின் இடுப்புதான் நேராகத் தெரியும். உச்சி விளிம்போடு விளிம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கே நடுங்குவது இங்கே வந்து சேர்வதற்குள் மங்கிப்போகும். ஆனால் சூரியனில் நடக்கிற எல்லாவற்றுக்கும் பிடி அங்கேதான் இருக்கிறது என்பது அவர் எண்ணம். கீழேயிருந்து உச்சியை நோக்கி ஓடுகிற வெள்ளமெல்லாம் அங்கே ஒரே ஒரு சுழியைச் சுற்றித்தான் உள்ளே இறங்குகிறது என்று, உச்சிக்குப் பக்கத்திலிருந்து வந்த மங்கலான நடுக்கங்களை வைத்தே அவர் எழுதினார். கூட வேலை பார்த்த இளையவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் யாராவது பார்க்கத்தான் போகிறார்கள், அப்போது தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற கையோடு கண்ணில் நீர் அழுத்தம் வந்து இரண்டு கண்ணும் போயின. சூரியனைப் பார்த்துப் பார்த்துத்தான் போய்விட்டது என்று ஊர் பேசியபோது, "நான் பார்த்ததே கம்ப்யூட்டரைத்தான்" என்று எரிச்சல்படுவார்.

வளவன் போனபோது அவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அழவில்லை. மகன் பெயரை அதற்குப் பிறகு வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் "அந்த வருஷம்" என்பார். கோசலை முதலில் காத்திருந்தாள், பிறகு கோபப்பட்டாள், பிறகு இரண்டையும் விட்டுவிட்டு அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தாள்.

சூரியன் குனிந்த முதல் நாள் சாயங்காலம், பக்கத்து வீட்டில் பால் வாங்க வந்த பாய் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனதும் திருமேனி சுவரைப் பிடித்துக்கொண்டே கொல்லைக்கு வந்தார்.

"கோசலை, பாய் சொல்றது நிஜமா? சூரியனோட உச்சி தெரியுதாமே?"

"தெரியுதுங்க."

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"நம்ம பக்கம்."

"நீ பாத்தியா? உச்சியில சுழி இருக்கா? எத்தனை?"

"பனி மூடிக்கிச்சு. சரியாப் பாக்கல" என்றாள்.

மறுநாள் திருமேனி விடிவதற்கு முன்னால் எழுந்து, சவரம் செய்துகொண்டு, ஆய்வுக்கூடத்துக்குப் போட்டுப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கொல்லையில் நாற்காலியைக் கிழக்கே திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். "இன்னைக்கு?" என்று கேட்டார். "பனிங்க" என்றாள். அதற்கடுத்த நாளும் கேட்டார், பனி என்றாள். இளவெயில் அவர் கன்னத்தில் மஞ்சளாகப் படிந்திருந்தது, அதை அவளும் பார்த்தாள், இருந்தும் பனி என்றாள். இதற்கிடையில் ஆய்வுக்கூடத்திலிருந்து, அவரிடம் வேலை பழகிய அருந்ததி என்ற பெண் ஜீப்பில் வந்து படம் எடுத்துப் பார்த்தாள். படத்தில் சூரியன் எப்போதும்போல் நிமிர்ந்திருந்தது. அவள் கேமராவை இறக்கி வைத்துவிட்டு வெறுங்கண்ணால் வெகுநேரம் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன வருஷம்தான் அவளுடைய அப்பா தவறியிருந்தார். "எங்க கருவி எதுலயும் இது பதியல சார். நான் எதை வச்சு எழுதுறது?" என்று கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனாள்.

"எழுத வேண்டாம், எனக்குத் தெரிஞ்சா போதும்" என்றார் திருமேனி, ஜீப் போன பிறகு கோசலையிடம். "என்னை ஊருக்குள்ள கூட்டிட்டுப் போ. நாலு பேரைக் கேக்கணும்."

கோசலை அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். முதலில் டீக்கடைக்குப் போனார்கள். "தொப்பி வச்ச மாதிரி இருக்கு சார்" என்றார் பாய். "எங்க அத்தா வெள்ளைத் தொப்பி. ஓரமெல்லாம் நைஞ்சுபோயி." திருமேனி முகத்தைச் சுளித்தார். சீனியம்மாள் வீட்டுக்குப் போனார்கள். நடுவில் வழுக்கை, சுற்றிலும் நரை, வழுக்கையில் மாடு முட்டிய தழும்பு என்றாள் அவள்.

"அம்மா, நான் சூரியனைக் கேட்டேன்."

"நானும் சூரியனைத்தான்யா சொல்றேன். இல்லேன்னா சொன்னேன்?"

திருமேனி தெருவில் இறங்கியதும், "ஒருத்தர் சொல்றதும் உபயோகமில்லை. செத்தவங்களைப் பாத்துட்டு வந்து சொல்றாங்க" என்றார். எஸ்டேட் லயனில் கடைசி வீடு மரியபுஷ்பத்தினுடையது. மண்சரிவில் அவளுடைய கைக்குழந்தை போயிருந்தது. அவள் அடுப்படியை விட்டு எழுந்துவந்து கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

"உச்சிக்குழி சார். பச்சப்புள்ளைக்கு இருக்குமே, மெத்துன்னு. அது துடிக்குது. ஏறும், அப்புறம் ரொம்ப நேரங்கழிச்சு இறங்கும். புள்ளைக்கு இவ்வளவு மெதுவாத் துடிக்காதேன்னு பயந்துக்கிட்டே பாப்பேன். நின்னே போச்சுன்னு நெனைப்பேன். திரும்பவும் ஏறும்."

திருமேனி அசையாமல் நின்றார். "இப்பத் தெரியுதா?"

"பனி இருக்கு, தெரியுது."

"ஏறும்போது சொல்லும்மா."

மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். அடுப்பில் எதுவோ பொங்கி வழிந்தது, யாரும் உள்ளே போகவில்லை. "ஏறுது" என்றாள் புஷ்பம். திருமேனி மூடி திறக்கிற கைக்கடிகாரத்தைத் திறந்து முள்ளைத் தடவினார். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கிழக்கே பார்த்தபடி இருந்தாள், ஒரு லாரி கேரட் மூட்டைகளோடு மேட்டை ஏறி முடித்து ஓசை தேய்ந்து போன பிறகு, "ஏறுதுங்க, ஏறுது" என்று புஷ்பம் கத்தினாள். திருமேனி மறுபடியும் முள்ளைத் தடவிப் பார்த்தார். "சரியா இருக்கு" என்றார். அவர் தொழிலில் ஆயுசு முழுக்க அளந்த அந்த ஐந்து நிமிஷம்தான் அது. அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் எதற்கு என்று தெரியாமல் திரும்பக் கும்பிட்டாள்.

வீடு திரும்பி, கொல்லைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், "அந்தப் பொண்ணு பாக்கிறது நிஜம், கோசலை" என்றார். "இப்ப நீ சொல்லு. பனின்னு சொல்லாத. மூஞ்சியில வெயில் அடிச்ச அன்னைக்கெல்லாம் நீ பனின்னுதான் சொன்ன. எத்தனை சுழி?"

கோசலை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டும் இருந்தன, வலமாக ஒன்று, இடமாக ஒன்று. இதைச் சொன்னால் இவருக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்தாள். பிள்ளை போயிற்று, கண் போயிற்று, இத்தனை வருஷம் டிபன்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய் வந்ததற்கு அந்த ஒற்றைச் சுழி ஒன்றுதான் இருக்கிறது. அதையும் நான் பிடுங்கவா? அவன் என்னிடம்தான் வந்திருக்கிறான், எனக்குத் தெரிந்தால் போதாதா, நான் பார்த்துக்கொள்கிறேன் அவனை, இவர் சுழியை இவரே வைத்துக்கொள்ளட்டும்.

"ஒண்ணுதாங்க" என்றாள்.

"ஒண்ணா?"

"ஆமா. நீங்க சொன்ன மாதிரியே. நட்டநடுவுல ஒண்ணு. எல்லாம் அதைச் சுத்தித்தான் போகுது, அமைதியா இருக்கு, அழகா இருக்குங்க." இன்னும் சொன்னாள், கேட்காததையெல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். திருமேனி தலையைச் சற்றே சாய்த்து, அவள் சொன்ன எதையும் கேட்காமல், அவள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு" என்றார்.

கோசலை கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு வலது, ஒண்ணு இடது. நடுவுல முடி நிக்கும். எவ்வளவு எண்ணெய் வச்சாலும் படியாது." அவருடைய வலது கை மடியிலிருந்து தானாக எழுந்து, முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு தலையின்மேல் வைப்பதுபோலக் காற்றில் நின்று, விரல்கள் விரிந்து, மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தது. "தீபாவளிக்கு நாந்தானே தேச்சுவிடுவேன். கண்ணு எரியுதுப்பா, விடுப்பான்னு கத்துவான். விடமாட்டேன். வளவா, ஆடாம இருடா, வளவா..."

அந்தப் பெயர் வெளியே வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு அவர் அழுதார். அழுது பழக்கமில்லாத ஆள் அழுவது முதலில் இருமல்போலத்தான் இருந்தது. கோசலை அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த உடம்பு ஏறி இறங்கி அடங்குவதும் திரும்ப ஏறுவதுமாக இருந்ததைத் தாங்கிக்கொண்டு, வெயில் சுட ஆரம்பிக்கிறவரை நின்றாள்.

மறுநாள் அவர் அருந்ததியைப் போனில் கூப்பிட்டார். துருவத்தில் ஒரே சுழி என்று நான் எழுதியது தப்பு, இரண்டு இருக்கிறது என்றார். "எந்தக் கருவியில சார் பாத்தீங்க?" என்று அவள் கேட்டாள். "என் வீட்டுக்காரி பாத்தா" என்றார். "சரிங்க சார்" என்று அவள் குரல் வந்தது. அதை அவள் என்ன செய்தாள் என்று யாருக்கும் தெரியாது, அவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கோசலை தினமும் காலையில் சொன்னாள், அவர் கேட்டார். வலதுசுழி எப்படி இருக்கிறது, இடதுசுழி எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்து, அவனுக்கு அம்மை போட்ட வருஷம், அவன் சைக்கிளை விற்றுவிட்டு வந்து பொய் சொன்னது, அவனுக்குப் பிடிக்காத பாகற்காய் என்று பேச்சு எங்கெங்கோ போய், காபி ஆறிப்போகும். மாசி பிறந்த ஒரு காலையில் சூரியன் நிமிர்ந்து எழுந்தது. ஊர் பார்த்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் போயிட்டு வர்றேன் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை என்பதால் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சன்னாசி கடையைக் காலையிலேயே திறந்தார், பூண்டு காயப்போட்டவர்கள் காயப்போட்டார்கள், சீனியம்மாள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டாள். கோசலை கொல்லையில் வெறுமனே நின்றாள்.

"போயிடுச்சா?" என்று கேட்டார் திருமேனி.

"போயிடுச்சுங்க."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அந்த வளைவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியா?" என்றார்.

நாலு வருஷத்தில் அவர் அந்த இடத்துக்குப் போனதில்லை. மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் பஸ் அதைத் தாண்டுகிற நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார், கண் போன பிறகும் மூடிக்கொள்வார். இருவரும் காலை பஸ்ஸில் ஏறினார்கள். கீழிறங்கிப் பாதி வழி வந்ததும், கோசலை வாய் திறப்பதற்கு முன்னால் கண்டக்டர் விசில் கொடுத்தார், வண்டி ஓரமாக நின்றது. இறங்கிய பிறகு திருமேனி சொன்னார்:

"நீ வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்க."

"ஆமாங்க. அமாவாசைக்கு அமாவாசை. சந்தைக்குன்னு சொல்லிட்டு வருவேன்."

"என்னைக் கூப்பிடல."

"கூப்பிட்டா வந்திருப்பீங்களா?"

பஸ் போய்விட்ட ரோட்டில் காற்று மட்டும் இருந்தது. "எந்த இடம்?" என்று கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்து வளைவின் ஓரத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். பழைய கருங்கல் சுவர், பாசி பிடித்து, சொரசொரப்பாக இருந்தது. அவர் உள்ளங்கை அதன்மேல் ஊர்ந்துகொண்டே போய், ஓர் இடத்தில் கல் முடிந்து வழவழவென்று சிமெண்ட் தொடங்கியதும் நின்றது. உடைந்த இடத்தைப் பிறகு அடைத்துக் கட்டியிருந்தார்கள். அங்கிருந்து கையை எடுக்காமல், அடிமேல் அடி வைத்து, மறுபடியும் கல் தட்டுப்படுகிறவரை போனார். ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் எட்டிவிடுகிற அகலம்தான்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதாங்க."

அவர் அந்தச் சிமெண்ட்டின்மேல் இரண்டு கையையும் விரித்து, ஒரு கை இந்தப் பக்கத்துக் கல்லிலும் இன்னொரு கை அந்தப் பக்கத்துக் கல்லிலும் படும்படி வைத்துக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்துக் குனிந்து நின்றார். கீழேயிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் ஏறி வந்தது. கோசலை அவர் சட்டையைப் பிடித்து இழுக்கப் போனவள், இழுக்காமல், அவருக்கும் ரோட்டுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.